உன் இடுப்பில் நான் கட்டிய கல்

செல்வி,

நலம், நலமறிய ஆவல் என்று முதல் வரியை எழுதிப் பழகிய கை இது. இன்று அந்த வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குக் காஜா பெராங்குக்கு, நம் வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் படித்துக் காட்டியதும் உன் அம்மா அன்றைக்கே அரிசி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் கடிதத்தின் கடைசியில், அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அப்பா, நம்ம வெளிச்சத்த பத்திரமா வெச்சிருக்கீங்கதானே? என் பிள்ளைக்கும் அதத்தான் கட்டணும்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி. மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் தனியாக இருந்து படிக்காதே, அவர் வீட்டில் இருக்கும்போது படி.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ வெளிச்சம் என்று சொல்லும் அந்தத் தாயத்தை உனக்குத் தரமாட்டேன். உன் பிள்ளையின் அருகில் அதைக் கொண்டுவர விடமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. உன்னைப் பற்றிய பயம், உன் வயிற்றில் இருப்பதைப் பற்றிய பயம். இந்தப் பயம் இன்று வந்ததில்லை. ஒன்பது வருடமாக என்னோடு சாப்பிட்டு என்னோடு படுத்து எழுந்து வருகிறது. நான்தான் அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

நான் கல் பொறுக்கி என்று உன் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பது உனக்குத் தெரியும். வெள்ளீய மணல் வாங்கும் கிடங்கில் கணக்கராக இருந்தவனுக்குக் கல்லின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. சுரங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக மணல் வரும். ஈயத்தைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்பும் பழுப்புமான மண்ணை ஆமாங் என்று சொல்லி ஒரு மூலையில் கொட்டிவிடுவார்கள். முதலாளிக்கு அது குப்பை. எனக்கு அதில்தான் எல்லாமே இருந்தது. நான் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு குந்தியிருப்பேன். ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் அதைப் பார்த்திருக்கிறார். உனக்கு ஆறு வயதாக இருந்தபோது, கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டை போட்ட அவசரகாலத்துக்குப் பயந்து அவர் தன் ஊருக்கே திரும்பிப் போனார். போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு விளக்கை என்னிடம் கொடுத்தார். அதன் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் சில கற்களின் மேல் பட்டால் அவை தாமாகவே ஒளிர ஆரம்பிக்கும். ஆமாங்கில் பொறுக்கிய பழுப்புப் பொடி ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. உப்புக்கட்டி மாதிரி இருந்த ஷீலைட் என்ற கல் நீலமாக எரிந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தில் நான் எதற்கும் பயப்படவில்லை. ஜாசின் பக்கம் சுரங்கங்களுக்குப் பஸ்ஸில் போவேன். வழியில் சோதனைச் சாவடி. ஒருமுறை என் அடுக்குச் சட்டியைத் திறந்து பார்த்த சிப்பாய், மேல் தட்டில் சாம்பார் சாதமும் கீழ்த் தட்டில் கல்லும் இருப்பதைக் கண்டு துப்பாக்கியை நிமிர்த்திவிட்டான். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கடத்துகிறேன் என்றால் புரியும், கல்லை யாருக்குக் கடத்துகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. கூட இருந்த மலாய்ப் போலீஸ்காரர்தான் சிரித்து, இந்த ஆள் கொஞ்சம் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னேன். உன் அம்மா ஒரு வாரம் என் சட்டியைக் கழுவ மறுத்துவிட்டாள். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரியாதவனை அவள் அப்போதே கண்டுபிடித்துவிட்டாள்.

பயந்தது நீதான். சைரன் ஊதினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். கொல்லைப்பக்கம் தனியாகப் போகமாட்டாய். தூக்கத்தில் வீறிட்டு எழுவாய். உன் அம்மா உன்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பூசாரியிடம் மந்திரம் எழுதிய ஒரு செப்புத் தகடு வாங்கி வந்தாள். நகைக்கடையில் சின்ன வெள்ளிக் குப்பி ஒன்றும் வாங்கினாள். தகட்டைச் சுருட்டிக் குப்பிக்குள் போட்டு, அரக்கு உருக்கி மூடித் தரும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தாள். கிடங்கில் மாதிரிப் பைகளுக்கு அரக்கு முத்திரை வைத்துப் பழகிய கை என்பதால் நான் சுத்தமாக மூடுவேன் என்பது அவள் எண்ணம். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு நம்பிக்கையாக எதையும் கொடுத்ததில்லை.

அதே மாதத்தில்தான் எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. கல் சேர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் தபாலில் மாற்றிக்கொள்வார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில், பழைய ஈயச் சுரங்கங்கள் உள்ள ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். நான் இங்கிருந்து ஷீலைட்டும் நல்ல ஈயக் கல்லும் அனுப்பினேன். அவர் அனுப்பியது மஞ்சளும் பச்சையுமாக, மீன் செதில் அடுக்கியது போல இருந்த ஒரு கல். ஆட்டுனைட் என்று சீட்டில் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சன்னலை எல்லாம் சாத்தி, போர்வையை மூடிக்கொண்டு நாம் இருவரும் அதன்மேல் விளக்கைப் பிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பச்சை வெளிச்சத்தில் உன் முகம் எனக்குத் தெரிந்தது. நீ பயப்படவில்லை. போர்வைக்குள், கும்மிருட்டில், முதன்முறையாகப் பயப்படாமல் இருந்தாய். "இருட்டுல இது தானா எரியுமாப்பா?" என்று கேட்டாய். வெளிச்சம் உள்ளே தூங்குகிறது, உனக்குப் பயம் வந்தால் விழித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அது பொய். ஆனால் அந்த நிமிடம் அதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நான் செய்ததை நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். தகட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். கல்லிலிருந்து விரல் நகம் அளவு ஒரு துண்டை உடைத்துக் குப்பிக்குள் போட்டேன், உதிர்ந்த செதில்களையும் வழித்துப் போட்டேன். அரக்கு வைத்து மூடினேன். உன் அம்மாவின் தகட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. படித்தவன், கல்லின் குணம் தெரிந்தவன், என் பிள்ளைக்கு நிஜமான வெளிச்சத்தைக் கட்டுகிறேன் என்ற மிதப்பு. அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். நீ அதை இந்த நாள்வரை காப்பாற்றுகிறாய், கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதுகிறாய். ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மாவிடம் மறைக்கக் கற்றுக்கொடுத்தேன். உன் பிள்ளைக்கு நீ எதைச் சொல்லிக்கொடுத்தாலும் இதை மட்டும் சொல்லிக்கொடுக்காதே.

தாயத்து உன் அரைஞாண் கயிற்றில் ஏறியது. உன் அலறல் நின்றது. அம்மா பூசாரிக்குத் தேங்காய் பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆறு வருடம் அது உன் இடுப்பில் கிடந்தது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கிடந்தது.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்குக் கட்டிய தோரணங்களைக் கழற்றாத வாரத்தில் அந்த வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. புதிய நாட்டுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே, முன்பு அனுப்பிய மஞ்சள் கல்லைக் குடும்பம் புழங்கும் அறையில் வைக்க வேண்டாம், அதில் யுரேனியம் இருக்கிறது, இப்போது இங்கெல்லாம் அதைப் பற்றி எச்சரிக்கிறார்கள், எனக்கும் முன்பு இவ்வளவு தெரியவில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். சோதித்துப் பார்க்க ஒரு வழியும் சொல்லியிருந்தார். கறுப்புத்தாளில் சுற்றிய பிலிமின் மேல் ஒரு சாவியை வைத்து அதற்குமேல் கல்லை வைத்துச் சில நாள் விட வேண்டும். பிலிமைக் கழுவினால் சாவியின் உருவம் விழுந்திருக்கும். விழுந்தால் கல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

நான் சோதித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. நீ அப்போது வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கொடி ஆட்டிக்கொண்டு ஓடினாய். நீ குனியும்போது சட்டைக்கு மேலாகக் குப்பியின் மேடு தெரிந்தது. அந்த நிமிடமே எழுந்து வந்து கயிற்றை அறுத்திருக்க வேண்டும். அறுத்திருந்தால் உன் அம்மா ஏன் என்று கேட்டிருப்பாள். ஏன் என்று சொன்னால் தகடு எங்கே என்று கேட்டிருப்பாள். அன்று மாலை மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன், பிள்ளை வளர்ந்துவிட்டாளே, அரைஞாணை இப்போதே கழற்றிவிடலாமா என்று. அவள் காய் நறுக்கிக்கொண்டே, "அதுக்குள்ள ஏங்க அவுக்கணும்? இன்னும் கொஞ்ச நாள்ல வயசுக்கு வந்துடுவா. சடங்கன்னிக்கு எப்படியும் கழட்டத்தானே போறோம்" என்றாள்.

சரி என்றேன் செல்வி. சரி என்று சொன்னேன். எனக்கு வசதியாக இருந்தது. யாருக்கும் எதுவும் விளக்க வேண்டாம், முறைப்படி அதுவே கழன்று வந்துவிடும். உன் உடம்பு எப்போது வளரும் என்று ஒரு தகப்பன் நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தான், அதுவும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. அதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நீ என் மடியில் வந்து உட்கார்ந்தால் நான் உன்னைத் தூக்கி மறுபக்கம் வைப்பேன். அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று நீ அம்மாவிடம் கேட்டது எனக்குத் தெரியும். கோபமில்லை அம்மா. குப்பி என்மேல் படுவதை என்னால் தாங்க முடியவில்லை. அதை உன்மேல் விட்டுவைத்திருந்தவன் நான்.

சடங்கு நடந்தது. தாய்மாமன் சீர் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், நாம் மாக்சிக் என்று கூப்பிடுபவர், தன் குடும்பத்துப் பழைய சங்கிலியைக் கொண்டுவந்து உன் கழுத்தில் போட்டு அழகு பார்த்தார். கூட்டத்தில் கழற்றிய அரைஞாணை அம்மா ஒரு தட்டில் வைத்தாள். நான் தாயத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் கொட்டகையில் வைத்துத் திறந்தேன், கல்லை எடுத்துக்கொண்டு, வெற்றுக் குப்பியை மறுபடி அரக்கு வைத்து மூடி அம்மாவின் பெட்டியில் சேர்த்தேன். கல்லை எறியவும் இல்லை. உடைத்ததில் மிச்சமிருந்த கல்லோடு சேர்த்து ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டேன். என்னிடம் இருந்ததிலேயே அழகான கல் அது. எப்போதாவது விளக்கைப் பிடித்துப் பார்ப்பேன். இதையும் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லியும் பிரயோசனமில்லை.

போன வருடம் சிரம்பானில் உனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது நான் வந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மாமியார், பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டாளா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். "நாந்தாம்பா கவனமா இல்லாம போயிட்டேன்" என்றாய். சுளையில் நாரை எடுத்தேன். எவ்வளவு நேரம் எடுத்தேன் என்றால், தட்டில் இருந்த எல்லாச் சுளையிலும் ஒரு நார்கூட இல்லை. அதன்பிறகு நீ சைக்கிளை விற்றுவிட்டாய் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் மடித்து வைத்துக்கொண்டேன். கடிதங்களை மடித்து வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

இப்போது நீ தாயத்தைக் கேட்டாய். அதற்குமேல் மடித்து வைக்க இடமில்லை. முதலில் மடத்தனமாக, கல்லைக் கடலில் போட்டுவிடலாம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றியிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் சேற்றில் குந்திச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் பிள்ளையின் கையில் அது கிடைக்கட்டும் என்று போட எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்து, மறுநாள் ஒரு எக்ஸ்ரே டாக்டரிடம் போனேன். டப்பாவை அவர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லைக் காரீயப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கறுப்புத்தாளில் சுற்றிய பிலிம்கள் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வெற்றுக் குப்பியைத் திறந்தேன். மூட்டு இடுக்கில் மஞ்சள் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. பிலிமின் மேல் சாவிக்குப் பதிலாக உன் பழைய தலைக் கிளிப் ஒன்றை வைத்தேன். அதற்குமேல் குப்பியை வைத்தேன். பிறக்கப்போகும் பிள்ளையோடு நீ படுக்கப்போகும் அறையில், கட்டிலுக்கு அடியில், அலமாரியில், சன்னல் ஓரத்தில் மற்ற பிலிம்களை வைத்தேன். மாக்சிக் வேலியோரம் நின்று சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், ஆனால் அவர் வீட்டில் சாமி, கோயில் என்ற சொற்களைத் தவிரத் தமிழ் கிடையாது, பேச்செல்லாம் மலாய்தான். மலாயில், "தாக்குட் கா?" என்று கேட்டார். எலிக்கு மருந்து வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பயமா என்றல்லவா கேட்டார். ஆமாம், பயமாக இருக்கிறது என்றேன். ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் பிலிம்களைக் கழுவிக் கொடுத்தார். அறையில் வைத்தவை எல்லாம் சுத்தமாக இருந்தன. குப்பி இருந்த பிலிமில் கறுப்பாகப் புகை படிந்தது போல ஒரு கறை, அதன் நடுவில் உன் கிளிப்பின் உருவம் வெள்ளையாக இருந்தது. கிளிப்பின் பல்லை எண்ணிவிடலாம். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவோ குறைக்கவோ இல்லை. இந்தக் கல்லால் உனக்குக் கெடுதல் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. சின்னத் துண்டு, பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அவர் எண்ணம். ஆனால் உன்னைப் பார்க்கும் டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும், எத்தனை வருடம், உடம்பில் எந்த இடம் என்பது உட்பட. போன வருடம் கலைந்தது பற்றிக் கேட்டேன். அதற்கும் தெரியாது என்றார். ஒன்றை மட்டும் அவர் தயங்காமல் சொன்னார், சைக்கிளால் கலையவில்லை என்று. இதை உன் மாமியாரிடம் நீ சொல்ல வேண்டாம். நான் தனியாக எழுதுகிறேன், காரணத்தோடு எழுதுகிறேன். அவர் என்னைப் பேசட்டும்.

வா என்று எழுதப் பயமாக இருக்கிறது, வராதே என்று எழுதவும் பயமாக இருக்கிறது. அறை சுத்தம் என்பதற்கு பிலிம்கள் இருக்கின்றன, அவற்றை இதோடு அனுப்பியிருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு. கிளிப் விழுந்த பிலிமையும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் குப்பியையும், கொட்டகையில் இருந்த மற்றக் கற்களையும் டாக்டர் பார்த்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்தைப் பெட்டியில் ஆணி அடித்துவிட்டேன். விளக்கின் கம்பியை வெட்டிவிட்டேன். நான் வீட்டில் இருப்பது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் புக்கிட் ரம்பாயில் உன் சித்தப்பா வீட்டில் போய் இருந்துகொள்கிறேன். உன் அம்மாவிடம் பிரசவம் பார்த்துக்கொள்வது உன் உரிமை, அது என்னால் கெட வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்பே சொன்னேன். கோலமாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அழவில்லை. ஏழு மாதம் என்ற இடத்தில் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள், காய் நறுக்கிக்கொண்டே தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அவள்மேல் அதில் ஒரு துளிப் பழியும் இல்லை, தெரியாமல் சொன்னாள். தெரிந்து சரி சொன்னவன் நான். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என் தகடு எங்க?"

அதை நான் எறிந்திருக்கவில்லை. எதையும் எறியாதவனாயிற்றே. நாற்பத்தொன்று என்று எண் போட்டு, கோயில் தகடு, செம்பு என்று சீட்டு எழுதி, கற்களோடு கல்லாக ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தேன். அதன்மேலும் அதே வாரம் பிலிம் வைத்துப் பார்த்திருந்தேன், சுத்தமாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுநாள் தானே கடைத்தெருவுக்குப் போய்ப் புதிய வெள்ளிக் குப்பி ஒன்று வாங்கி வந்தாள். எனக்கு இப்போது அந்தத் தகட்டில் நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதே. உன் பிள்ளையின் இடுப்பில் அது கிடக்க வேண்டும் என்று மட்டும் ஆசையாக இருக்கிறது, பயந்தவனுக்கு வேறென்ன இருக்கிறது. அரக்கும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் குப்பியை என் கையில் தரவில்லை. அரக்கை மட்டும் வாங்கிக்கொண்டாள், உருக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டு, கோணல்மாணலாகத் தானே மூடினாள்.

பதில் எழுதினால் அம்மா பெயருக்கே எழுது. ஓரத்தில் எனக்கென்று தனியாக எதையும் எழுதாதே. உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

அப்பா